குறிப்பு என்றொரு கட்டம்

மார்ச் 4

கணினியில் எங்கள் சரக்குக் கணக்கை வைக்கும் அட்டவணைகளின் புதிய வரைபடத்தை இன்று காட்டினேன். பொருளுக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று, ஒரே தடவையில் தயாராகி வரும் தொகுதிக்கு, அதாவது பேட்சுக்கு, தனியாக ஒன்று. எந்தப் பேட்ச் எப்போது வந்தது, யாருக்குப் போனது என்பது அதில் இருக்கும். 'ரெண்டுநாள்' பார்த்தான். என்னிடம் வேலை கற்றவன், இன்று எனக்கு மேலே இருக்கிறான். எதற்கெடுத்தாலும் "ரெண்டு நாள்ல முடியுமா?" என்பதால் நான் வைத்த பெயர் அது.

"சார், நாம வெப்சைட்ல மருந்து விக்கிறோம், ராக்கெட் விடல. கையிருப்பு எவ்வளவுன்னு ஒரு நம்பர் போதும். பேட்ச் டேபிளத் தூக்கிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தூக்கிவிட்டேன். படட்டும். ஒரு நாள் என் மேசை முன்னால் வந்து நிற்பான்.

மார்ச் 7

பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மா, பழைய ஆர்டர் திரையில் இருந்த 'குறிப்பு' கட்டம் புதியதில் இல்லை என்று கேள்விப்பட்டு மாடியேறி வந்தார்.

"அந்தக் குறிப்புக் கட்டத்த மட்டும் விட்டுடுங்க சார். சிரிக்காதீங்க, ஒவ்வொரு ஆர்டருக்கும் பேட்ச் நம்பர அதுலதான் எழுதி வைக்கிறோம்."

திறந்து பார்த்தேன். பேட்ச் எண், 'டப்பா நசுங்கல்', 'இவர் போன்ல கத்துவார்' என்று எல்லாம் ஒரே குப்பை. முறையாகச் செய்ய விடவில்லை; அரைகுறைக்கு மட்டும் நான் ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

"மேல கேளுங்கம்மா."

"மேல கேட்டா உங்களக் கேக்கச் சொல்றாங்க."

மாலையில் அந்தக் கட்டத்தை, அதில் எழுதியிருந்த எல்லாவற்றோடும் நீக்கினேன். ஒரே வரிக் கட்டளை.

மார்ச் 8

நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 29

வந்துவிட்டது அந்த நாள். இன்ஹேலர் தயாரிப்பாளரின் கடிதம்: ஒரு பேட்சில் அழுத்தினால் மருந்து வரவில்லை, வெறும் காற்று. உடனே திரும்பப் பெறவும்.

ரெண்டுநாள் என் மேசை முன்னால் நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. "யார் யாருக்குப் போச்சுன்னு எடுக்க முடியுமா சார்?"

"ரெண்டு நாள்லயா?" என்றேன். இதற்காக இருபத்தைந்து நாள் காத்திருந்தேன்.

அவனுக்குப் பின்னால் நின்ற பேக்கிங் அம்மா மெதுவாகச் சொன்னார்: "குறிப்புல இருந்துச்சே சார்."

கணினி தினமும் எடுத்துவைக்கும் பழைய நகல்கள் பதினான்கு நாளுக்கு மேல் நிற்பதில்லை. அந்த விதியும் நான் எழுதியதுதான்.

மார்ச் 30

இன்ஹேலர் வாங்கியவர்கள் 4,112 பேர். கெட்டுப்போனது இருநூறு. யார் அந்த இருநூறு பேர் என்று தெரியாததால் அத்தனை பேரையும் அழைக்க வேண்டும். ஆறு பேர் உட்கார்ந்து ஆர்டர் எண் வரிசையில் அழைக்கிறார்கள்.

3,380-ஆவது பெயர் அக்கா.

ஆறு வருடமாகப் பேச்சில்லை. என் விவாகரத்தின்போது மனைவி வீட்டார் அத்தனை பேர் முன்னால் "தப்பு என் தம்பி மேலதான்" என்றவள். சின்ன வயதில் அவளுக்கு இரைப்பு வந்தால் முதுகைத் தேய்த்துவிடுவது என் வேலை.

நான் ஏன் முதலில் கூப்பிட வேண்டும்? வரிசை வரும்போது யாராவது கூப்பிடுவார்கள்.

ஏப்ரல் 1

2,090 வரை வந்திருக்கிறார்கள். அவள் எண்ணை அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன் — ஆறு வருஷத்துல அவ ஒரு தடவ கூப்பிட்டாளா? நான் மட்டும் என்ன இளிச்சவாயனா?

ஏப்ரல் 3

3,380-ஐ அழைத்தது பேக்கிங் அம்மா. எடுத்தது பக்கத்து வீட்டுப் பெண்.

"நேத்து காலைல மூச்சு முட்டி ஆஸ்பத்திரில சேத்துட்டாங்களாம் சார். மருந்த அடிச்சுக்கிட்டே இருந்தாங்களாம். கேக்கவே இல்லையாம்."

அது யார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. பையைக்கூட எடுக்காமல் பேருந்து ஏறினேன்.

ஏப்ரல் 9

திரும்பப் பெறும் ஒவ்வொரு இன்ஹேலருக்கும் ஒரு படிவம். அவள் கைப்பையில் இருந்ததைத் திருப்பி, அடியில் இருந்த பேட்ச் எண்ணைப் படித்தேன். கடிதத்தில் இருந்த அதே எண். நிலை: பயன்படுத்தப்பட்டது. வாடிக்கையாளர் உயிருடன் இல்லையெனில் உறவினர் கையெழுத்து என்றிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். உறவு: தம்பி.

ரெண்டுநாள் படிவத்தை வாங்கிப் படித்தான். திரும்பவும் படித்தான்.

"லீவு எடுத்துக்கங்க சார்," என்றான்.

எத்தனை நாள் என்று சொல்லவில்லை.