கடல்தான் எடுத்தது என்று சொன்னோம்

இயேசு மரி சூசை துணை

பாம்பன்

அன்பு மகள் பிரெசில்லாவுக்கு அம்மா எழுதுவது. அயர்லாந்துக் குளிரில் உனக்கு ஒரு குறையும் வராமல் மாதா காக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை, ஆனால் பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீயும் என்ன ஏதென்று பதறுவாய், அதனால்தான் எழுதி, இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப அப்பாவிடம் சொல்கிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தம்பி உயிரோடு இருக்கிறான், எழுந்து நடமாடுகிறான், சோறு சாப்பிடுகிறான்.

தம்பி பிரடெரிக் படகில் மயங்கி விழுந்தது உனக்குத் தெரியும், வெயில் என்று நாங்கள்தான் சொன்னோம். வெயில் இல்லையம்மா. வலை பாறையில் மாட்டிக்கொண்டு, கயிற்றை மூச்சைப் பிடித்து இழுத்திருக்கிறான், இழுத்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். கூட இருந்த நாகேந்திரன், செத்தே போயிட்டான்னு நெனச்சேன் ஆத்தா என்று வாசலில் உட்கார்ந்து அழுதான். ராமநாதபுரத்தில் ஈசிஜி எடுத்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது, படுத்துக் கிடக்கும்போது இந்த நோய் தெரியாதாம். பிறகு மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஓடுகிற மெஷினில் அவனை நடக்கவிட்டார்கள், வேகம் கூடக் கூட நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகப் போய், மெஷினைச் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்ற நான் அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

டாக்டர் பெயர் துர்காதேவி, முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை, நம் பேச்சிலேயே எடுத்துச் சொன்னது. இதயச் சதையின் ஒவ்வொரு செல்லுக்கு உள்ளேயும் கால்சியத்தைச் சேர்த்து வைக்கிற பை மாதிரி ஒன்று இருக்கிறதாம், அதற்குக் கதவுகள் உண்டாம். கதவு திறந்து கால்சியம் வெளியே வந்தால்தான் இதயம் சுருங்கும், வந்ததும் கதவு மூடிக்கொள்ள வேண்டும். தம்பிக்குப் பிறவியிலேயே அந்தக் கதவு இறுக மூடாது. சும்மா இருந்தால் தாங்கும், மூச்சுப் பிடித்து வேலை செய்தாலோ திடுக்கென்று பயந்தாலோ, வேண்டாத நேரத்தில் கால்சியம் கசிந்து துடிப்பையே குலைத்துவிடும். அது போதாதென்று, உடம்பு ஆக்சிஜனைச் செலவழிக்கும்போது உண்டாகிற ஒரு கழிவு, உப்புக்காற்று பட்டு இரும்பு துருவேறுகிற மாதிரி, அந்தக் கதவையே தாக்கி இன்னும் தளர்த்துமாம். சிகரெட்டும் மிஞ்சின உழைப்பும் அந்தக் கழிவைக் கூட்டுமாம். மனிதருக்கு அதனால் எவ்வளவு கெடுதல் என்று இன்னும் ஆராய்ச்சி நடக்கிறதாம். உன் அப்பா உடனே, அப்ப பாலையும் நெத்திலியையும் நிப்பாட்டிரவா தாயி என்று கேட்டார். சாப்பிடுற கால்சியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லய்யா என்று அந்தப் பிள்ளை சிரித்துவிட்டது. நான் அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

அப்புறம், உங்கள் வீட்டில் யாராவது இள வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டது. நானும் அப்பாவும் ஒரே வாயாக இல்லை என்றோம். எங்க வீட்ல யாரும் நோயில போகலம்மா, போனவுக எல்லாம் கடல்ல போனவுகதான் என்று நான் பெருமையாக வேறு சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை அந்தப் பிள்ளை கீழே வைத்துவிட்டது. யார் யார், எப்படிப் போனாங்க, ஒவ்வொருத்தரா சொல்லுங்க என்றது.

சொன்னேன். உன் சலேத்து சித்தி, என் கூடப் பிறந்த தங்கச்சி, என்னோடு பாசி எடுக்க வந்தவள், நீரோட்டமே இல்லாத நாளில், இடுப்பளவுத் தண்ணீரில் முங்கினவள் எழும்பவில்லை. என் அண்ணன் அலையில்லாத நாளில் நங்கூரக் கயிற்றை இழுத்துக்கொண்டு இருக்கும்போதே தண்ணீரில் விழுந்தார். இருவரையும் கடல்தான் எடுத்தது என்றோம். கடலில் செத்தவர்களைப் பற்றி நம் ஊரில் எதனால் என்று யார் கேட்பார்கள், பூசை வைப்போம், சிலுவை நடுவோம், மறுபடி கடலுக்குப் போவோம். சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளையின் முகம் மாறினதைப் பார்த்தேன்.

இப்போது தம்பி தினமும் மாத்திரை சாப்பிடுகிறான், ஒரு வேளை கூட விடக்கூடாதாம். சோர்வா இருக்கும்மா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான், ஏலே, முழுங்குடா என்று அப்பா எதிரிலேயே நிற்கிறார். கடலுக்கு விடவில்லை, நெஞ்சுக்குள் வைக்கிற மெஷின் தேவையா என்று அடுத்த தடவை பார்ப்பார்களாம். வாசலில் பட்டாசு வெடித்தால் கூட நான் அவன் முகத்தைத்தான் பார்க்கிறேன். திடுக்கிடக்கூடாது, பதறக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், ஒரு தாய் அதை எப்படிச் செய்வாள் என்று சொல்லவில்லை.

பிரெசில்லா, போன வருஷம் பஸ்ஸைப் பிடிக்க ஓடி, ஏறும்போது மயங்கி விழுந்தேன் என்றாயே. காலையில் சாப்பிடவில்லை, அதுதான் என்று நீயும் சொன்னாய், நானும் நேரத்துக்குச் சாப்பிடு என்று திட்டிவிட்டு விட்டேன். ஞாயிற்றுக்கிழமையானால் தோழிகளோடு குளிர்ந்த கடலில் குதித்து நீந்துகிற வீடியோ அனுப்புவாய், பாம்பன் பிள்ளைக்கு எந்தக் கடலும் ஒன்றுதான் என்று தெருவுக்கே காட்டினவள் நான். இப்போது அந்த வீடியோவைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

எங்கள் இரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார்கள். அப்பாவுக்கு இல்லை. எனக்கு இருக்கிறது. இவ்வளவு வருஷம் கடலில் முங்கி எழுந்த என்னை அது ஏன் விட்டு வைத்தது என்று டாக்டருக்கே தெரியவில்லை. என்னிடமிருந்துதான் தம்பிக்கு வந்திருக்கிறது. உனக்கு வந்திருக்கவும் பாதி, வராமலிருக்கவும் பாதி என்றார்கள். ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து இதோடு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அங்கே காட்டு, அந்த மயக்கத்தையும் மறக்காமல் சொல்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். ஓடாதே, தண்ணீரில் இறங்காதே. இதைப் படித்ததும் எனக்குப் போன் போட உன் கை துடிக்கும், போடாதே. முதலில் அங்கே டாக்டருக்குப் போடு. அம்மா காத்திருப்பேன்.

உன்னைப் பெற்றவள்,
ச. யாகப்பம்மாள்