பகலில் பாயில் படுத்திருந்தது

அன்பு மகன் ஸஜாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் இருக்கிறோம். சுகம் என்ற சொல்லைப் போனில் உன்னிடம் அளவுக்கு மிஞ்சிச் சொல்லிவிட்டேன், அதனால் இந்த முறை அதை விட்டுவிடுகிறேன். கலந்தர் மாமாவின் மருமகன் கட்டார் திரும்புகிறார், ஒட்டுசுட்டானில் வாப்பா வாங்கிய கச்சான் கடலையை வறுத்து இந்தக் கடிதத்தோடு கொடுத்து விடுகிறேன்.

அன்று நடந்ததை உனக்கு ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. நோன்புக்குப் பிறகு எனக்கு இரத்தத்தில் சீனி கூடிவிட்டது. மருந்தும் போடுகிறேன், சோறும் குறைத்துவிட்டேன், யோசனை கவலை ஒன்றும் இல்லை என்று கிளினிக்கில் சொன்னேன். அங்குள்ள தாதி ஜெயரூபி, அப்ப ஆர் டீச்சர் உங்கட பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறது என்று கேட்டுச் சிரித்தா. மனம் இறுகிக் கிடந்தால் சீனியும் லேசில் இறங்காதாம். பாயில் நிமிர்ந்து படுத்து, கையை இறுக்கிப் பொத்தித் தளரவிட்டு, பிறகு தோள், தாடை, வயிறு, கால் என்று ஒவ்வொன்றாகத் தளர்த்தி, மூச்சை நீளமாக விடச் சொல்லித் தந்தா. மருந்தையும் நிறுத்தக் கூடாது, இதையும் விடக் கூடாது என்றா.

பள்ளிக்கூடத்தால் வந்து லுஹர் தொழுதுவிட்டுச் செய்தேன், ஆனால் கதவைப் பூட்டிக்கொண்டு. நீ அந்த வெயிலில் கட்டிடச் சாரத்தில் ஏறி நிற்கிறாய், வாப்பா ஊர் ஊராக மூட்டை ஏற்றுகிறார், நான் பட்டப்பகலில் கைகாலைப் பரப்பிக்கொண்டு கிடக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. கையைத் தளர்த்தும்போதெல்லாம் உன் கைதான் நினைவுக்கு வரும். வாப்பாவுக்கும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு முனவ்வறாவுக்கும் சொல்லவில்லை. அன்று அவள் கோப்பை திருப்பித் தர வந்து கூப்பிட்டது எனக்குக் கேட்டது மகன். கால் மட்டும்தான் மிச்சம், முடித்துவிட்டு எழும்புவோம் என்று பேசாமல் கிடந்தேன். அவள் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, அல்லாஹ்வே, டீச்சர் மௌத்தாகிட்டா என்று குழறிக்கொண்டு ஓடினாள். நான் எழும்பி வெளியே வர முற்றம் நிறைய ஆட்கள். அவளுடைய தம்பி அதற்குள் உனக்குப் போன் எடுத்து உம்மா மௌத்து என்று சொன்னதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. சத்தத்தை நிறுத்தி வைத்த என் போன் பொழுதுபட்டு மஃரிபு வரை அலுமாரிக்குள் கிடந்தது, வாப்பா போன இடத்தில் சிக்னலும் இல்லை. நான் அதை எடுத்துப் பார்க்கும்போது நீ கட்டார் விமான நிலையத்தில் நிற்கிறாய், கெஞ்சி வாங்கிய அவசர லீவோடு. என் குரலைக் கேட்ட பிறகுதான் அங்கிருந்தே அறைக்குத் திரும்பினாய்.

அந்த லீவு போனதால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உன்னை விடமாட்டார்கள் என்று வாப்பா சொன்னார். நீ சொல்லவில்லை. சீனி கூடினத எனக்கேன் உம்மா சொல்லேல்ல என்று மட்டும் கேட்டாய். நீ யோசிப்பாய் என்றுதான் மறைத்தேன். எல்லாவற்றையும் சொல்லியிருந்தால், உம்மா பாயில படுத்திருப்பா, கொஞ்சம் பொறுங்கோ என்று போன் எடுத்த அந்தப் பிள்ளைக்கு நீயே சொல்லியிருப்பாய்.

இப்போது கதவைத் திறந்து வைத்தே படுக்கிறேன். வாப்பா வீட்டில் நின்றால் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, டீச்சர் உயிரோடதான் கிடக்கிறா, சத்தம் போடாதீங்கோ என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொல்கிறார். முனவ்வறாவும் பக்கத்தில் பாய் விரிக்கிறாள், கையைத் தளர்த்த முன்னமே குறட்டை. சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதற்குள் சந்தோஷத்தில் புழுகித் திரியாதீங்கோ என்கிறா ஜெயரூபி. எனக்குப் புழுக மனமும் இல்லை. எல்லாம் தளர்ந்த பிறகும் நீ பையோடு திரும்பி நடந்தது மட்டும் நெஞ்சுக்குள் இறுகிக் கிடக்கிறது. இந்தப் பெருநாளுக்கு வட்டிலப்பம் செய்யமாட்டேன், இனிப்பு எனக்கும் ஆகாது, நீயும் இல்லை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் சுகத்தையும் தரட்டும். வீடியோவில் பார்த்தேன், நீயும் என்னைப் போலப் பல்லைக் கடிக்கிறாய். வேலை முடிந்து வந்ததும் கட்டிலில் நிமிர்ந்து படுத்துக் கையை இறுக்கித் தளரவிடு. அறையில் இருக்கும் பிள்ளைகளிடம் முதலில் சொல்லிவிட்டுப் படு. யாராவது கூப்பிட்டால், கால் மிச்சம் இருந்தாலும் பதில் சொல் மகன்.

துஆவுடன்,
உன் உம்மா
ஜொஹறா
தண்ணீரூற்று, முல்லைத்தீவு