அமிர்தவல்லி போட்ட கமெண்ட்

செஞ்சி,
ஞாயிறு காலை.

அன்புள்ள அனுவுக்கு,

ஷோபனா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பாதிதான் உண்மை. போன் செய்தால் உன் உதவியாளர் எடுக்கிறாள். நீயே எடுத்தாலும் நான் கத்தித் தீர்த்துவிடுவேன். அதனால் கடிதம். கூரியரில் போடுகிறேன், நாளைக் காலை சென்னைக்கு வந்துவிடும்.

முதலில் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. ஹாஸ்டலில் எலும்புகளின் பெயரையெல்லாம் கானாப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்துவிட்டு, பரீட்சைக்கு முதல் நாள் என் நோட்டை வாங்கிப் படித்தவள் நீ. தங்கப் பதக்கம் வாங்கியவள் நான். இன்று உன் வீடியோவை ஆறு லட்சம் பேர் பார்க்கிறார்கள். நான் இருபது வருடமாக பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கிளினிக்கில் உட்கார்ந்து, நாக்கை நீட்டு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் பெண்கள் பள்ளியில் மாதவிலக்கைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். கர்ப்பப்பைப் படம் போட்ட சார்ட்டோடு போய் முக்கால் மணி நேரம் பேசினேன். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றதும் கடைசி பெஞ்சில் ஒரு கை எழுந்தது. "மேடம், அனு டாக்டர உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்ற பிறகுதான் அத்தனை முகமும் நிமிர்ந்தது. வீடு வரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அப்படி என்னதான் செய்கிறாய் என்று உன் பஞ்சாயத்து வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். சினிமா நாட்டாமை மாதிரி தலைப்பாகை, ஒட்டு மீசை, முன்னால் ஒரு சொம்பு. கர்ப்பப்பை வந்து பிராது கொடுக்கிறது: "கோயிலு, கல்யாணம்னு மாசாமாசம் மாத்திரயப் போட்டு என் வேலைய நிறுத்தறாங்கய்யா." டாக்டரைக் கேட்காமல் மெடிக்கல் கடையில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்குவது குற்றம் என்று நீ மீசையை முறுக்கித் தீர்ப்புச் சொல்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டேனே என்று இன்னும் எரிந்தது. அமிர்தவல்லி என்று ஒரு பொய்ப்பெயரில் கணக்குத் தொடங்கி, 'டாக்டருக்குப் படித்தது கூத்தடிக்கவா? வயதான மனுஷி சொல்கிறேன், வெட்கமாக இல்லையா?' என்று கீழே எழுதினேன். நான்தான் அது. மன்னித்துக்கொள்.

பத்து நிமிடத்தில் ஒரு பெண் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். "ஆயா, சும்மா பேசாத. எங்கம்மாவும் டாக்டர்தான். கோயிலுக்குப் போவணும்னு மொத தடவ அவங்கதான் அந்த மாத்திரய குடுத்தாங்க. அப்புறம் மாசாமாசம் நானே வாங்கிப் போட்டேன். தப்புன்னு இந்த மேடம் சொல்லித்தான் தெரிஞ்சுது." பெயர் ஏதோ பூப்பெயர். படத்தில் எங்கள் வீட்டு ஒற்றைக்காதுப் பூனை.

பாரதிதான், அனு. என் பெண்.

அவளுக்கு மருத்துவ சீட் கிடைக்க வேண்டுமென்று, பதினோரு அமாவாசை மேல்மலையனூருக்கு அழைத்து வருகிறேன் என வேண்டிக்கொண்டவள் நான். ஆடி அமாவாசையில் தொடங்கினோம். அவள் தேதியும் அன்றைக்கே வருவதாக இருந்தது. மாத்திரை கொடுத்தேன். அடுத்தடுத்த மாதங்களில் ஒருமுறைகூடத் தடங்கல் இல்லாமல் என்னோடு எப்படி பஸ் ஏறினாள் என்று நான் கேட்கவே இல்லை. எல்லாம் அம்மன் அருள் என்று இருந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவளின் லட்சணம் இது.

மூன்று நாளாக அமிர்தவல்லி ஆயாவாகவே அவளோடு பேசிக்கொண்டிருக்கிறேன். தை அமாவாசை மாத்திரையை நிறுத்தியதிலிருந்து பத்து நாளாக ரத்தப்போக்காம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். என் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டே முன்பின் தெரியாத கிழவிக்கு எழுதுகிறாள். கண்ணில் தூசி இருக்கிறது என்று சாக்குச் சொல்லி நேற்று இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே ரத்தமில்லாமல் வெளிறிப் போயிருக்கிறது. "தூசியெல்லாம் இல்ல, வுடும்மா" என்று கையைத் தட்டிவிட்டாள்.

நானே கேட்டுவிட்டால், பொய்ப்பெயரில் வேவு பார்த்தது தெரிந்துவிடும். பிறகு ஆயாவிடமும் வாய் திறக்கமாட்டாள். ஆனாலும் நாளைச் சாயங்காலத்துக்கு மேல் பொறுக்கமாட்டேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கையைப் பிடித்துப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவிடுவேன்.

நேற்று ஆயாவிடம் கேட்டாள்: "எங்கம்மாகிட்ட சொன்னா திட்டுவாங்களா? அனு மேடத்துக்கும் மெசேஜ் போட்டிருக்கேன். அவங்க சொன்னா சொல்லிடுவேன்." பெற்றவளிடம் பேச உன் உத்தரவு வேண்டுமாம். செல்லைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. என் மேஜைக்கும் அவள் மேஜைக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அனு.

நீ நன்றாக இரு. உன் பேச்சைக் கேட்கிற பிள்ளைகள் இன்னும் பெருகட்டும். இந்த வரியை எழுத எனக்கு எவ்வளவு நேரமானது என்று நீ அறியமாட்டாய்.

கடிதம் கிடைத்ததும் உனக்கு வந்த மெசேஜ்களில் அந்தப் பூனைப் படத்தைத் தேடி எடு. உங்கம்மா திட்டமாட்டாங்க, இன்றைக்கே போய்ச் சொல் என்று எழுது. நீ சொன்னால் நம்புவாள். உன் வார்த்தை பொய்யாகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பழைய ரூம்மேட்,
ஷோபனா