இரண்டு குளிர்காலத்துப் பட்டு

யூகி,
1920 நவம்பர் 6

மினேக்கு,

நலமா? உன் அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது? அவர் தேறும்வரை ஓஆராயிலேயே இரு. இங்கே யாரும் உன்னை அவசரப்படுத்தவில்லை.

இத்துடன் ஒரு கிமோனோ வருகிறது. தறியை இடுப்போடு கட்டிக்கொண்டு ஒருத்தி ஒன்றரை வருடம் நெய்தது. கையால் இழுத்த நூல், புதிதில் பலகை மாதிரிதான் இருக்கும். பூட்டி வைக்காதே. பகலெல்லாம் உடுத்து, அதோடேயே தூங்கு. இரண்டு குளிர்காலம் உன் உடம்பில் இருக்கட்டும்.

தோகுஜி


ஓஆராய்,
1920 நவம்பர் 19

என் அன்புக்குரியவருக்கு,

பொட்டலத்தைப் பிரித்ததும் அழுதுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலு வருடத்தில் உங்கள் கடைப் பட்டு ஒரு முழம்கூட என் மேல் பட்டதில்லை. பிள்ளை பெறாதவளுக்கு எதற்குப் பட்டு என்பார்கள் அத்தை. நீங்கள் சும்மா இருப்பீர்கள். அதையெல்லாம் இன்றோடு மறந்துவிட்டேன்.

கழுத்தில் உரசிப் புண்ணாகிவிட்டது. இருந்தும் கழற்றவில்லை. அம்மா படுத்தபடியே கேலி செய்கிறாள்: "என்னடி இது, கதவைக் கழட்டிக் கட்டிக்கிட்டு நிக்கிறே?"

வசந்தத்தில் வந்து அழைத்துப் போவீர்களா?

உங்கள் மினே


யூகி,
1921 மார்ச் 3

மினேக்கு,

கழுத்து மடிப்பு இளகியதா? முழங்கைப் பக்கம்? மீன் வேலை செய்யும்போது மட்டும் கழற்றிவிடு.

அழைத்துவருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன் அம்மா உயிரோடிருக்கும்வரை நீ அங்கே இருப்பதுதான் முறை.

தோகுஜி


ஓஆராய்,
1922 ஜனவரி 25

என் அன்புக்குரியவருக்கு,

கிமோனோ இப்போது உரசுவதே இல்லை. உடுத்தியிருப்பதே மறந்துபோகிறது.

போன வசந்தத்தில் வந்த உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக்காட்டியது தப்பு. "நான் போய்ச் சேந்தாத்தான் உன்னைக் கூப்பிடுவாராமா? அப்ப சீக்கிரம் கெளம்புறேண்டி" என்று சிரிக்கிறாள். திட்டினேன். ஆனால் அவள் இருமும்போது, இன்னும் எத்தனை நாள் என்று என் மனம் கணக்குப் போடுகிறது. இதை உங்களிடம் தவிர யாரிடம் சொல்வேன்?

உங்கள் மினே


யூகி,
1922 மார்ச் 2

மினேக்கு,

கிமோனோவை ரயிலில் திருப்பி அனுப்பு. ஏப்ரல் ஐந்தில் எனக்கும் ரெய்க்கும் திருமணம். மறுநாளிலிருந்து வீட்டில் அவள் உடுத்த வேண்டும். அவளுக்கு மென்மையான தோல், புதுப்பட்டு ஆகாது. புதிதை முதலில் வேலைக்காரி உடுத்திப் பழக்குவது எங்கள் வழக்கம். நாலு வருடம் இருந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? வேலைக்காரி ஒகுமா இப்போது பருத்துவிட்டாள். உன் அளவும் ரெய் அளவும் ஒன்று.

இத்துடன் விவாகரத்துப் பத்திரம் வைத்திருக்கிறேன். உன் பெயர் முத்திரையை வைத்து, கிமோனோ மடிப்புக்குள் செருகிவிடு.

தோகுஜி


ஓஆராய்,
1922 ஏப்ரல் 20

தோகுஜி அவர்களுக்கு,

கிமோனோவும் பத்திரமும் போன மாதமே கிடைத்திருக்கும். திருமணம் முடியட்டும் என்றுதான் இதை இத்தனை நாள் எழுதவில்லை.

வழக்கம் எனக்குத் தெரியும். ஒகுமா புதுப்பட்டோடு கூடம் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். என்னை மனைவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் தோன்றவில்லை.

உங்கள் கடிதம் வந்த மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். "கூப்பிட்டுட்டாராடி?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். "அப்ப நல்ல துணியாக் கட்டிக்கிட்டுப் போ" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

அவளுக்கென்று நல்ல துணி ஒன்றும் இல்லை. குளிப்பாட்டி அந்தக் கிமோனோவை உடுத்தினேன். பிணத்துக்குக் கட்டுகிற முறைப்படி, வலது மடிப்பு மேலே வரும்படி கட்டினேன். ஒரு நாள் முழுக்க அதோடு கிடந்தாள். சுடுகாட்டுக்குத் தூக்குமுன் கழற்றி மடித்து, பத்திரத்தைச் செருகி அனுப்பினேன்.

ரெய் இரண்டு வாரமாக உடுத்திக்கொண்டிருப்பாள். கழுத்தில் உரசுகிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

மினே