ஹால் டிக்கெட்டுக்கு முன்னால் வரும் நாலு தாள்

ஏனுங்க,

குக்கர்ல அரிசிம்பருப்பு சாதம் இருக்கு. ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் சாப்பிடுங்க. நம்ம தேஜுவுக்கு ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்துக் குடுக்கணும். காலைல பத்து மணிக்கே அவ ஔந்த்ல இருக்கற பரீட்சை சென்டருக்குக் கெளம்பணும். ஜெராக்ஸ் கடைக்காரன் பதினொண்ணுக்குத்தான் திறப்பான்.

நீங்க வைஃபை பாஸ்வேர்டை மாத்துனதுல இருந்து பிரிண்டர் ஆஃப்லைன்னே காட்டுது. எனக்கு இணைக்கத் தெரியலைங்க. நீங்க இணைச்சதும் முதல்ல வேற தாள் வரும்.

செவ்வாய்க்கிழமை சண்டைக்கப்புறம், கோபத்துல எங்க பேங்குக்கு ஒரு மனு டைப் பண்ணுனேன். கோயம்புத்தூருக்கு மாற்றல் கேட்டு, எனக்கு மட்டும். தாள் வரலைன்னு நாலு தடவை பிரிண்ட் குடுத்துட்டேன். இப்ப வரிசையில அதுதான் முன்னாடி நிக்குது. அழிச்சுப் பாத்தேன். ‘டெலீட்டிங்’னு காட்டிட்டு அப்படியே கெடக்குது. கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டும் போகலை. ஹால் டிக்கெட் அதுக்குப் பின்னாடி மாட்டியிருக்கு.

படிக்காதீங்கன்னா கேக்கவா போறீங்க? தேஜு கண்ணுல மட்டும் படாம எடுத்துடுங்க. அஞ்சாவது தாள்தான் அவளோடது.

பஸ் வந்துடும், போறேன்.
வைஜயந்தி

மனுவுக்குக் கீழ கையெழுத்துப் போடற எடம் காலியா இருக்கும். அதையும் பாருங்க.