கழுவி அனுப்பிய பீப்பாய்

மார்ச் 4

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் வீட்டுக்காரி, பையன், உங்கள் பெண் எல்லோரும் சுகம். கல்யாணத்துக்கு வந்த உறவுக்கூட்டம் நேற்றுதான் முழுசாகக் கலைந்தது. இன்று காலையில்தான் என் சாய்வு நாற்காலி எனக்குத் திரும்பக் கிடைத்தது.

மனதில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாண விருந்தன்று நடந்ததை நான் மறந்துவிட்டேன், நீங்களும் மறந்துவிட வேண்டும். சரக்கு கெடுவது எந்தத் தொழிலிலும் உண்டு. பால் பண்ணையில் தரம் பார்த்தே தலை நரைத்தவன் நான். கேன் மூடியைத் திறந்ததும் என் மூக்கு தீர்ப்புச் சொல்லிவிடும். புளித்த கேன் என்றால் சாக்கடைக்குத்தான், யார் வீட்டுக் கேன் என்று பார்க்கமாட்டேன். அன்றைக்கும் உங்கள் பீர் பீப்பாயின் குழாயைத் திருகினதுமே தெரிந்துவிட்டது. "யாரும் தொடாதீங்க, கெட்டுப்போச்சு!" என்று நான் போட்ட சத்தம் கொஞ்சம் அதிகம்தான். நானும் என் மச்சானும் அதை உருட்டிக்கொண்டு போய்ப் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தபோது எங்கள் ஆட்கள் கைதட்டியதும் அதிகம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அத்தனை பேருக்கும் வயிற்றைக் கலக்கியிருந்தால் உங்கள் பெயர் என்ன ஆகியிருக்கும்? மச்சான் இப்போது உங்களைப் 'புளிப்புச் சம்பந்தி' என்கிறான். அதட்டி வைத்திருக்கிறேன்.

"ஆமாங்க சம்பந்தி, கெட்டுத்தான் போயிருக்கு, வர்ற வழியில வெயில் பட்டிருக்கும்" என்று நீங்கள் உடனே ஒப்புக்கொண்டீர்களே, அது எனக்குப் பிடித்தது. வேறு ஆளாக இருந்தால் மல்லுக்கு நின்றிருப்பான்.

காலி மரப்பீப்பாயை அப்படியே திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பண்ணைக்கு எடுத்துப்போய், காஸ்டிக் சோடா ஊற்றி ஊறவைத்து, கொதிநீர் விட்டு, கடைசியில் நீராவிக் குழாயையும் உள்ளே விட்டு, பக்கத்தில் நின்று கழுவவைத்தேன். முகர்ந்து பாருங்கள், ஒரு வாடை இருக்காது. லாரியில் ஏற்றிவிட்டேன்.

உங்கள் பெண் தங்கம். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அன்புடன்,
பால்பண்ணைச் சம்பந்தி

&nbsp;

மார்ச் 12

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. பீப்பாயும் வந்து சேர்ந்தது. மிகவும் சுத்தமாக இருக்கிறது. நன்றி.

விருந்தில் உங்களுக்கு ஏற்பட்ட சங்கடத்துக்கு மறுபடியும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மச்சான் அவர்களை என் பொருட்டு அதட்ட வேண்டாம். நாலு பேர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பட்டறையில் வேலை மெதுவாக ஓடுகிறது. புகை காட்டிய பார்லியில் கறுப்பு பீர் கொஞ்சம் காய்ச்சினேன். கோதுமையில் கலங்கலாக ஒன்று. இதையெல்லாம் தேடி வருகிறவர்கள் அங்கொருவர் இங்கொருவர்தான். வந்தவர்களும் முதல் வாயிலேயே முகம் சுளிக்கிறார்கள். பழைய வகைகளை விட்டுவிட்டு எல்லோரும் போடுகிறதையே போடலாமே என்று வங்கிக்காரர்கூடச் சொல்கிறார்.

பெண் சுகம் என்று எழுதியிருந்தது ஆறுதல். கல்யாணத்துக்குப் பிறகு அவளிடமிருந்து எனக்குக் கடிதம் இல்லை. போன் செய்தால், சமையலில் இருக்கிறாள் என்று மாப்பிள்ளை சொல்கிறார். புது வீடு, நேரம் கிடைக்காதுதான். நான் விசாரித்ததாக மட்டும் சொல்லுங்கள். வற்புறுத்த வேண்டாம்.

தங்கள்,
பீப்பாய்ச் சம்பந்தி

&nbsp;

ஏப்ரல் 20

அன்புள்ள சம்பந்தி,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஒரு வாரமாகத் தாளை வீணடிக்கிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

எங்கள் பண்ணை மேலாளர் ஓய்வு பெறுகிறார். "உங்க சம்பந்தி பழைய தினுசு பீரெல்லாம் காய்ச்சுவாராமே, அந்த மாதிரி ஒண்ணு குடிச்சுப் பாக்கணும்" என்று ஆசைப்பட்டார். உங்களிடம் கேட்கக் கூச்சம். கெட்டுப்போன சரக்குக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அதே வாயால் எப்படிக் கேட்பது? கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். இந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் அதே மஞ்சள் பீர்தான். லேபிள்தான் வேறு. சில்லென்று இருந்தால் போதும் என்று குடிக்கிறார்கள், நானும் அப்படித்தான் குடித்திருக்கிறேன். சுற்றி அலுத்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில், மேல்தட்டில் தூசி படிந்த ஒரே ஒரு பாட்டில் கிடைத்தது.

மேலாளரின் விருந்தில் அதைத் திறந்தேன். அதே வாடை, சம்பந்தி. சாக்கடையில் நான் கவிழ்த்த அதே வாடை. "இதுவும் கெட்டுப்போச்சு" என்று எழுந்தேன். மேலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைச் சத்தமாகப் படித்தார். புளிப்புப் பீர். மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் ஊறியது. புளிப்பே இதன் ருசி.

வீட்டுக்கு வந்து உங்கள் பெண்ணிடம் கேட்டேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஆமா மாமா, அது அப்படித்தான் இருக்கும்" என்றாள். யார் காய்ச்சியது என்று கேட்டேன். "நான்தான். படிப்பு முடிஞ்ச வருஷம் போட்டது. கல்யாணத்துக்குத் திறக்கலாம்னு வச்சிருந்தோம்." அப்போதும் கத்தி நிற்கவில்லை. பீப்பாயாவது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததே என்று உளறினேன். "மரத்துலதான் மாமா அந்தப் புளிப்பு உயிரோட இருக்கும். கழுவிட்டா வெறும் மரம்தான். பரவால்ல, விடுங்க" என்றாள்.

பீப்பாயைக் கழுவினதை என் சமர்த்து என்று உங்களுக்கே கடிதம் எழுதினேனே! வேளைக்குக் காப்பி கொடுத்து, 'மாமா, மாமா' என்று கூப்பிடுகிறவள், இத்தனை நாளும் மனசுக்குள் என்னை என்ன நினைத்திருப்பாள்? அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. அவள் கூடத்துக்கு வந்தால் நான் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் மேலும் எனக்கு வருத்தம். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நீங்கள் அங்கேயே சொல்லியிருக்கக் கூடாதா?

வெட்கத்துடன்,
பால்பண்ணைச் சம்பந்தி

&nbsp;

ஏப்ரல் 29

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் தெரியாமல் கவிழ்த்தீர்கள். புளித்த பாலைக் கண்டே பழகிய மூக்கு உங்களுடையது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. நான் தெரிந்துகொண்டே கெட்டுப்போச்சு என்று சொன்னேன்.

விருந்தன்று காலையில் நானும் பெண்ணும் அந்தப் பீப்பாயைத் திறந்து ஒரே டம்ளரில் மாற்றி மாற்றி ருசி பார்த்தோம். "என் கையில ஒருநாளும் இப்படி வந்ததில்லம்மா" என்று அவளிடம் சொன்னேன். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. மாலையில் அவள் கல்யாண உடுப்போடு எனக்குப் பக்கத்தில் நிற்கும்போது, அதே பீரைக் கெட்டுப்போனது என்றேன். நீங்கள் கேட்காத காரணம் ஒன்றையும் நானே ஜோடித்தேன். வெயிலாம்! அந்தப் பீப்பாய் வண்டியில் ஈரச்சாக்குப் போர்த்திக்கொண்டு வந்தது. போர்த்தியதே அவள்தான்.

பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் முதல் நாளே எதிர்த்துப் பேச வேண்டாம், அவள் நன்றாக வாழ வேண்டும், அதற்காகத்தான் வாயை மூடினேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எப்படியாவது சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். அதற்குப் பெண்ணின் உழைப்பை விட்டுக்கொடுத்தேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து என்னிடம் அவள் பேசவில்லை. அவள் கோபம் உங்கள் மேல் இல்லை, சம்பந்தி. நீங்கள் செய்தித்தாளைக் கீழே வைக்கலாம்.

இதை உங்களிடம் எழுதவே கை கூசுகிறது. அவளிடம் சொல்ல வேண்டாம்.

தங்கள்,
பீப்பாய்ச் சம்பந்தி

&nbsp;

மே 15

அன்புள்ள சம்பந்தி,

என்னைத் திட்டுங்கள். நீங்கள் வேண்டாம் என்றதைச் செய்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்து ஆட்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். அன்று கைதட்டினவர்கள் ஒருவர் பாக்கியில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து நின்றேன். "அன்னைக்கு நான் கவிழ்த்தது நல்ல சரக்கு. காய்ச்சினது என் மருமகள். முட்டாள்தனம் என்னோடது" என்று சொன்னேன். மச்சான் விடுவானா? "அப்ப எதுக்கு அத்தான், கெட்டுப்போச்சுன்னு உங்க சம்பந்தியே சொன்னாரு?" என்று கேட்டான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பின்னாலேயே போய், "நான்தான் சொல்லிட்டேனேம்மா" என்றேன். "நீங்க சொன்னீங்க மாமா. உங்களுக்குத் தெரியாம நடந்தது, நீங்க சொல்லிட்டீங்க" என்றாள். 'நீங்க' என்பதை அழுத்திச் சொன்னாள். நான் அலமாரியைத் திறந்து உங்கள் கடிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

மொட்டை மாடியில் துணி காயப்போடும் இடத்தில் நின்று படித்தாள். தோளில் போட்டிருந்த ஈரத்துணி சொட்டி முதுகெல்லாம் நனைந்தது, அதுகூடத் தெரியவில்லை. முடித்துவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தாள். அழுவாள் என்று பயந்தேன், அழவில்லை. கீழே வந்து, தன் பெட்டியின் அடியிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். "அன்னைக்குக் காலையில அப்பாதான் இதுல ஊத்திக் குடுத்தாரு. அடியில வண்டல் நிக்குது பாருங்க. உயிர் இருக்கும், மரத்துல ஊத்தினா மறுபடி பிடிச்சுக்கும்" என்றாள். நான் முகர்ந்து பார்க்கவா என்று கேட்டேன். முதல்தடவையாகச் சிரித்தாள். "நீங்க வேணாம் மாமா!"

பிறகு ஒன்று கேட்டாள். அப்படியே எழுதுகிறேன். "பீப்பாயில தண்ணி ஊத்தி வச்சிருக்காரா, காய விட்டுட்டாரா? கேட்டு எழுதுங்க." காய்ந்தால் என்ன ஆகும் என்றேன். பலகை சுருங்கி ஒழுகுமாம்.

தானே எழுதமாட்டாளாம். ஆனால் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலுக்கு ஏதாவது வேலையாக வந்துவிடுகிறாள். உடனே பதில் போடுங்கள்.

உங்கள்,
பால்பண்ணைச் சம்பந்தி

&nbsp;

மே 21

அன்புள்ள சம்பந்தி,

காய விட்டுவிட்டேன்.

வந்த அன்றே அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துச் சாக்குப் போட்டு மூடினேன். அதன் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை. உங்கள் கடிதம் கண்டதும், தண்ணீர் ஊற்றித்தான் வைத்திருக்கிறேன் என்று எழுதத்தான் முதலில் கை போனது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

இன்று காலையில் ஊற்றினேன். எல்லா இடுக்கிலும் ஒழுகுகிறது. கீழே தொட்டியை வைத்து, விழுகிற தண்ணீரை அள்ளி அள்ளித் திரும்ப ஊற்றிக்கொண்டிருக்கிறேன். பலகை ஊறி அடைத்துக்கொள்ளும் வரை விடாமல் ஊற்ற வேண்டும். ஊற்றுவேன்.

ஒழுகுகிறது என்றே அவளிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா