ஏற்றத்தில் நின்றுவிடும் கார்

மார்ச் 4

பசறைக்கு முந்திய ஏற்றத்தில் இன்றும் கார் நின்றது. இரண்டாம் கியரில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று எஞ்சின் சத்தம் அடங்கியது. இருமவில்லை, உதறவில்லை. பின்னால் பிபிலை பஸ். ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு கண்டக்டர் இறங்கி வந்தார். "டீச்சர், கிளச்ச மெதுவா விடணும்."

கார் நிற்கும்போது என் கால் கிளச்சில் இல்லவே இல்லை. அதை விளக்க நேரமில்லை. முதல் பாடம் தரம் பத்துக்கு விஞ்ஞானம். கொஞ்சம் ஆறியதும், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது.

வீட்டுக்காரர் தோட்டத்து ஆபீசிலிருந்து வந்ததும் அவரிடம் சொன்னேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் வந்தது. "காருக்கு ஒண்ணுமில்ல நிரஞ்சலா. ஒன் காலுதான்."

மார்ச் 5

நிற்கவில்லை.

மார்ச் 6

நின்றது. காலைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். அதனால் ரோட்டைச் சரியாகப் பார்க்கவில்லை.

மார்ச் 9

அவர் காரை பதுளைக்குக் கொண்டுபோனார். வாங்கிய கம்பெனியின் சேர்விஸ் நிலையம். கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார்களாம், ஒரு கோளாறும் காட்டவில்லையாம். மனேஜர் சொன்னாராம்: "இப்படி ஒரு கம்ப்ளெய்ன்ட் இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல மிஸ்டர் புவனேந்திரன். உங்களுக்கு மட்டுந்தான். யாரு ஓட்டுறது?"

"மிஸஸ்" என்றாராம் இவர்.

பிறகு இரண்டு பேரும் சிரித்தார்களாம். சிரித்ததையும் இவரே வந்து சொல்கிறார். இந்த மனிதருக்கு மறைக்கத் தெரியாது. அது நல்ல குணம் என்றுதான் கல்யாணத்தின்போது எல்லாரும் சொன்னார்கள்.

மார்ச் 14

எழுத்து கோணுகிறது.

பள்ளிக்கூடம் விட்டு நானும் மகள் விதுஷாவும் லுணுகலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இறக்கம். கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்ற கிளச்சை மிதித்த நேரம் எஞ்சின் செத்தது. ஸ்டியரிங் இறுகிவிட்டது. பிரேக் கல். மிதிக்கிறேன், இறங்கவே மாட்டேங்குது. ரெண்டு காலையும் வச்சு ஏறி மிதிச்சேன், ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தேன். மலையை வெட்டிய பக்கத்தில், மழைத்தண்ணி ஓடும் கானுக்குள் சக்கரம் இறங்கி, மண்ணில் உரசி நின்றது. மற்றப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கீழே தேயிலை. அதற்கும் கீழே தேயிலை.

விதுஷா அழவில்லை. "அம்மா, நீங்க ஒண்ணும் பண்ணல. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குத்தான் அழுகை வந்தது.

ரோட்டில் வந்தவர்கள் காரைக் கானிலிருந்து தூக்கிவிட, எஞ்சின் ஆறிய பிறகு மெதுவாக வீட்டுக்கு வந்தோம். அவரிடம் சொன்னேன். முதலில் பிள்ளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு வெளியே போய்க் காரைப் பார்த்தார். அந்த வரிசையாவது சரி. திரும்பி வந்து மேசை மேலிருந்த சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கொஞ்ச நாளைக்கு பஸ்ல போங்க ரெண்டு பேரும்."

பயத்தில்தான் அப்படிச் செய்கிறார். எனக்குத் தெரியாதா? ஆனா என்னை நம்பலையே. பன்னண்டு வயசுப் புள்ள நம்புது.

மார்ச் 18

பஸ். பசறை வரை நின்றுகொண்டே போனேன். கண்டக்டர் அதே ஆள். காரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. டிக்கெட்டைக் கொடுக்கும்போது மட்டும் என் காலைப் பார்த்தார்.

இவர் காரில் ஆபீசுக்குப் போய் வருகிறார். "எனக்கு ஒரு தடவகூட நிக்கல" என்கிறார். வீட்டிலிருந்து ஆபீஸ், சமதரை. எஞ்சின் சூடாகும் முன்னே ஆபீஸ் வந்துவிடும்.

மார்ச் 22

பஸ்ஸில் பக்கத்தில் ஹம்ஸியா உட்கார்ந்தார். பசறை ஆஸ்பத்திரியில் தாதியாக இருப்பவர். வழியில் பார்த்தால் சிரித்துக்கொள்ளும் பழக்கம் மட்டும்தான்.

"டீச்சர், உங்கட கார் எங்க?"

"வீட்ல நிக்குது."

"எங்கடதும் அதே கார்தான். அதும் நிக்குது."

எனக்கு ஏதோ உறைத்தது. "ஏத்தத்துலயா?"

அவர் என் பக்கம் முழுதாகத் திரும்பிவிட்டார். "ஏத்தத்துல, எறக்கத்துல, சூடாகினா எங்கயும். உங்களுக்கு என்ன சொன்னாங்க?"

"காலாம். உங்களுக்கு?"

"செருப்பாம். குதி ஒசந்த செருப்பு போட்டு ஓட்டுறதாலயாம்."

இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். அவர் தட்டையான வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்தார். வேலைக்கு வேறு எதுவும் போட விடமாட்டார்களாம்.

மார்ச் 23

ஹம்ஸியா சொன்ன ஃபேஸ்புக் குழுவில் சேர்ந்தேன். இந்தக் காரை வைத்திருப்பவர்களுக்கென்றே இருக்கிறது. பெரும்பாலும் சிங்களம், இடையிடையே தமிழ். பண்டாரவளையில் நின்றிருக்கிறது. அப்புத்தளையில் நின்றிருக்கிறது. ஒருவருக்கு மாமனாரின் சாவு வீட்டுக்குப் போகும் வழியில் நின்றிருக்கிறது. மாமியார் இன்னும் பேசுவதில்லையாம். பதுளை றில்வான் என்பவர் ஆயுள் முழுக்க லொறி ஓட்டியவர். அவருக்கு, வயதாகிவிட்டது, கண்ணைப் பரிசோதியுங்கள் என்று சொன்னார்களாம்.

எல்லாருக்கும் ஒரே பதில்: உங்களுக்கு மட்டும்தான்.

போனை இவரிடம் கொடுத்தேன். நீண்ட நேரம் தள்ளித் தள்ளி வாசித்தார். "இத்தன பேருக்கு ஓட்டத் தெரியாம இருக்கே" என்றார்.

நான் எழுந்துபோய்ப் பருப்பைத் தாளித்தேன். கடுகு அளவுக்கு மீறி வெடித்தது.

மார்ச் 31

ஹம்ஸியா, றில்வான், நான், இன்னும் இரண்டு பேர். வரும் சனிக்கிழமை ஒரே நேரத்தில் பதுளைக்கு வண்டிகளைக் கொண்டுபோவதாகப் பேசியிருக்கிறோம். சாவி கேட்டேன். "நானே ஓட்டிட்டு வர்றேன். ஒண்ணும் ஆகாது, நீயே பாரு" என்றார். சரி என்றேன்.

ஏப்ரல் 6

பசறை தாண்டி, ஏற்றத்தில், அவர் கையில் நின்றது.

இரண்டு முறை சாவியைத் திருகினார். பின்னால் ஹார்ன்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு" என்றார்.

பின் சீட்டிலிருந்து விதுஷா கேட்டாள்: "அப்பா, காலு இல்லையா?"

இறங்கிப்போய் பொனட்டைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்ப்பதற்கு என்ன இருந்தது என்று தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

சேர்விஸ் நிலைய வாசலில் மற்ற நான்கு கார்களும் வரிசையாக நின்றன. மனேஜர் மரியாதையானவர். எல்லாருக்கும் தேத்தண்ணி வரவழைத்துவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே வரச் சொன்னார்.

"ஒவ்வொருத்தரா வேணாம்" என்றேன். "எங்களுக்கு மட்டுந்தான் இப்படின்னு எல்லாருக்கும் முன்னால ஒருக்கா சொல்லுங்க."

"தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றார் மனேஜர். இவர் அப்போது குரலை உயர்த்தினார் — காலையில் தனக்கு நடந்தது, பின்னால் பஸ் வந்தது, குடும்பத்தோடு செத்திருப்போம் என்று. மனேஜர் உடனே பேனாவை எடுத்தார். "சேர் சொல்றீங்கன்னா ஏதோ இருக்கத்தான் செய்யும். சேர்ட பேர்லயே எழுதிக்கிறேன்."

ஒரு மாதமாக நான் சொன்னதுதானே அது? ஒரு வார்த்தை மாறல. அவரு வாயால வந்ததும் பேனா வருது.

"ஓட்டுறது நான்" என்றேன். "கானுக்குள்ள போனது நானும் என் மகளும். எழுதுறதுன்னா என் பேர எழுதுங்க."

மனேஜர் இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார்.

"ஆமா" என்றார் இவர். "அவங்கதான் ஓட்டுறது. அவங்க சொன்னப்ப நான் கேக்கல. நீங்க கேளுங்க."

பிறகு சாவியை என் கையில் வைத்தார். மனேஜரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பசறை ரோட்டில் ஏற்றினேன். வழி முழுக்க இது நல்ல வண்டி என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வாக்கியத்தின் நடுவில் எஞ்சின் நின்றது. அவருடைய கை கதவுக் கைப்பிடியைப் பிடித்தது.

"கால் எங்க இருக்குன்னு பாத்துக்கங்க சேர்" என்றேன்.

பார்த்தார்.

ஏப்ரல் 24

எஞ்சினோடு சேர்ந்த ஒரு சின்ன சென்சர். சூடேறினால் செத்துவிடுமாம், ஆறினால் பிழைத்துக்கொள்ளுமாம். அதனால்தான் கம்ப்யூட்டரில் அகப்படவில்லையாம். ஐந்து வண்டிகளுக்கும் மாற்றிவிட்டார்கள். மற்றவர்களுக்கும் அறிவிப்பு அனுப்புகிறார்களாம். "தவறு" என்ற சொல் எங்கேயும் வரவில்லை. "மேம்பாடு" என்றார்கள்.

மே 12

வீட்டுக்கு வந்த ஆபீஸ்காரர்களிடம் இவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "சென்சர்தான்னு எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்."

வடையை வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 16

அப்புத்தளைக்கு, இவருடைய தங்கை வீட்டுக்குப் போனோம். புறப்படும்போது யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. இவர் சுற்றிவந்து இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, சீட்டைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டார். பதுளை தாண்டுவதற்குள் குறட்டை. விதுஷா போனில் படம் பிடித்தாள்; வேண்டாம் என்றேன், பிடித்துவிட்டாள்.

தெமோதரைக்கு மேலே வளைவுக்கு வளைவு அவர் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. ஓர் இடத்தில் வெள்ளைக்காரர்கள் ரோட்டை மறித்துக்கொண்டு மலையைப் படம் எடுத்தார்கள். நிறுத்தினேன். கண்ணைத் திறந்தார்.

"எங்க வந்துட்டோம்?"

"எல்ல டவுன்கிட்ட."

"ம்" என்று திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு வளைவுகளை இன்னும் கொஞ்சம் மெதுவாக எடுத்தேன்.